தீபாவளி வெடி: வாசிகசாலை அறிவித்தலில என்ன எழுதலாம்?

வாசிகசாலை_இணுவில்

வணக்கம். தீபாவளிக்கு முதல் யாழ்ப்பாணம் இணுவிலில இருக்கிற எங்கட வாசிகசாலை வாசலில ஒரு அறிவித்தல் போடப்போறம். "வெடி கொளுத்தாதேங்கோ" எண்டு மட்டும் எழுதினால் ஒருத்தரும் நிண்டு வாசிக்க மாட்டினம். ஏன் கூடாது, கொளுத்தத்தான் போறியள் எண்டால் எங்கை, எத்தினை மணிக்கு, பிறகு அந்தக் குப்பையை என்ன செய்யிறது எண்டு விபரமா எழுதவேணும்.

எங்கட ஒழுங்கையள் ஒடுக்கம், ரெண்டு பக்கமும் மதில். அநேகமா எல்லா வளவிலயும் நாய் நிக்குது. மாடு, ஆடு, கோழி வளர்க்கிற வீடுகளும் இருக்கு. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறுதான். வயசுபோன ஆக்கள் கனபேர். மூண்டு விசயம் தெரியவேணும். மிருகங்களுக்கு முன்கூட்டியே என்ன செய்யலாம்? கிணத்துத் தண்ணிக்கு உண்மையாவே ஏதும் நடக்குமோ, இல்லாட்டி அது வீண் பயமோ? ஆருக்கும் சுட்டுப்போட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் வீட்டில என்ன செய்யவேணும்?

கால்நடை_வைத்தியம்

நாயில தொடங்குறன். மனிசக் காதுக்கு 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 அளவுக்கும் பூனைக்கு 60,000க்கு மேலயும் கேட்கும். ஆனால் சத்தம் பெரிசு எண்டதை விட, அது எப்ப வரும், எந்தப் பக்கத்தால வரும் எண்டு தெரியாததுதான் மிருகத்தைக் கலைக்குது. இடிக்கு முதல் காத்தும் இருட்டும் வரும். வெடிக்கு முதல் ஒண்டும் வராது.

தீபாவளிக்கு மூண்டு கிழமைக்குக் குறையாமல் இருந்தால் பழக்கி எடுக்கலாம். கைபேசியில வெடிச்சத்தப் பதிவு ஒண்டைப் போடுங்கோ. நாய் காதை மட்டும் நிமித்திப்போட்டுத் தொடர்ந்து சாப்பிடுற அளவுக்குத்தான் சத்தம் இருக்கவேணும். ஒரு தரத்துக்கு 5 முதல் 10 நிமிசம், நாளுக்கு ரெண்டு தரம். சத்தம் கேட்கிற நேரத்தில மட்டும் மீன்துண்டோ இறைச்சித்துண்டோ குடுங்கோ. வாலை உள்ளுக்கு இழுத்தால், உதட்டை நக்கினால், சும்மா நிண்டு இளைச்சால், தீனை விட்டால் சத்தம் கூடிப்போச்சு எண்டு அர்த்தம், ஒரு படி இறக்குங்கோ. இது பிழைக்கிறது அநேகமா அவசரத்தால. மூண்டாம் நாளே முழுச்சத்தம் வைச்சால் இருந்த பயமும் கூடிப்போகும். தீபாவளிக்கு ஒரு கிழமைதான் இருக்கு எண்டால் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே வேண்டாம், கீழ சொல்லுறதை மட்டும் செய்யுங்கோ.

தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம் வெளிச்சம் இருக்கேக்க நடத்திக் கொண்டுவந்து, நேரத்தோட சாப்பாடு குடுத்து, வீட்டுக்குள்ள விடுங்கோ. எங்கட பக்கம் வெடி விடியக்காலமையே தொடங்கிவிடும், எழும்பின பிறகு தேடிப் பிடிக்க நேரம் காணாது. யன்னல் குறைஞ்ச அறை நல்லம். கட்டிலுக்குக் கீழ ஒரு பழைய சீலை, மேல ஒரு போர்வை தொங்கவிட்டால் காணும். காத்தாடியையும் றேடியோவையும் ஒரே அளவில ஓடவிடுங்கோ. அறைக்கதவு கொஞ்சம் திறந்திருக்கட்டும், ஒளிக்கிற இடத்தை அதுவே தெரிவுசெய்யவேணும். வெளிக்கதவும் கேற்றும் பூட்டு.

சங்கிலியில கட்டிப்போட்டு விடாதேங்கோ. பயந்த நாய் மதிலால பாயும், சங்கிலி காணாமல் கழுத்தில தொங்கும். கழுத்துப்பட்டியில தொலைபேசி இலக்கத்தை அழியாத மையால எழுதுங்கோ. பக்கத்தில இருந்து தடவிக் குடுத்தால் நாய் பயப்பிடப் பழகிப்போகும் எண்டு சிலர் சொல்லுறது சரியில்லை. ஏசுறதும், "வந்து பார், ஒண்டுமில்லை" எண்டு வெடிக்குக் கிட்ட இழுத்துக்கொண்டு போறதும்தான் கெடுதல்.

மருந்து வேணும் எண்டால் ஒரு கிழமைக்கு முதலே வைத்தியரிட்டப் போங்கோ. அசிபுரோமசின் எண்ட பழைய மருந்தைத் தனியக் குடுத்தால் உடம்பு தளரும், பயம் தளராது. ஓட ஏலாமல் கிடந்து பயப்பிடும். இப்ப அதை விட நல்ல மருந்துகள் இருக்கு. எதையும் சத்தம் தொடங்க முதல் குடுக்கவேணும், நடுங்கத் தொடங்கின பிறகு குடுத்துப் பிரயோசனம் குறைவு. சத்தமில்லாத ஒரு நாளில ஒருக்காக் குடுத்துப் பாக்கிறதும் அவசியம். மனிசருக்குத் தந்த குளிசையை உடைச்சுக் குடுக்கவே கூடாது, ஒரு பரசிற்றமோல் குளிசையே பூனையைக் கொல்லப் போதும்.

பசு மாடு. பயத்தில அதிரினலின் சுரந்தால் பால் இறக்கிற ஒக்சிற்றோசின் வேலை செய்யாது. மடி நிறைஞ்சிருக்கும், பால் வராது. தேங்கி நிண்டால் மடிவீக்கத்துக்கு வழி. அதால கறக்கிற நேரத்தை ஒரு கிழமைக்கு முதலே நாளுக்கு 10 நிமிசமா முன்னுக்குக் கொண்டுவந்து, வெடி தொடங்க முதல் கறந்து முடியுங்கோ. அடுத்த நேரம் கடைசித் துளி வரை கறந்து, முதல் பீச்சில கட்டியோ நூலோ வருதோ எண்டு பாருங்கோ. கயிறு ஒரு இழுப்பில அவிழுற முடிச்சா இருக்கட்டும். கிடுகுக் கொட்டில் எண்டால் முதல்நாள் பின்னேரம் கூரைக்குத் தண்ணி அடிச்சு, வைக்கலைத் தறப்பாளால மூடுங்கோ. நிறைசினை மாட்டை ஒழுங்கைப் பக்கத்தில கட்டவேண்டாம்.

ஆடு கடதாசி தின்னும், மாடு உப்புச்சுவைக்கு நக்கும். வெடிமருந்தில நைத்திரேற்று இருக்கு. அசைபோடுற மிருகத்தின்ர வயித்தில அது நைத்திரைற்றா மாறி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக ஏலாமல் பண்ணும். பல்முரசு கபில நிறமா மாறி மூச்சு வாங்கினால் அது அவசரம், உடன வைத்தியரைக் கூப்பிடுங்கோ. ஒழுங்கையைக் கூட்ட முதல் ஆடு மாட்டை அவிழ்க்காதேங்கோ.

கோழி இருட்டில சத்தத்துக்குப் பயந்து மூலையில ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறும், அடியில இருக்கிறது மூச்சு முட்டிச் சாகும். கூட்டு மூலையளை மட்டை வைச்சு வளைவாக்கி, மங்கலா ஒரு பல்ப்பை எரியவிட்டால் இந்தச் சாவைத் தடுக்கலாம். பிறகு சில நாள் முட்டை குறையும், கோதும் சீரில்லாமல் வரலாம். அதுக்கு மருந்து தேவையில்லை.

செம்மண்_சுண்ணக்கல்

கிணத்துக் கேள்விக்கு என்ர பதில். வீண் பயம் இல்லை. ஆனால் எது பெரிசு, எது சின்னன் எண்டு பிரிச்சு எழுதினால்தான் சனம் நம்பும்.

கருமருந்து எண்டது வெடியுப்பு (பொற்றாசியம் நைத்திரேற்று) 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. பெரிய சத்தம் போடுறதில அலுமினியத் தூளும், அது எரிய ஒட்சிசன் குடுக்கிற பொற்றாசியம் பெர்குளோரேற்று எண்ட உப்பும் இருக்கும். பச்சை நிறம் பேரியத்தால, சிவப்பு ஸ்ரோன்சியத்தால, நீலம் செம்பால வருது. முழுசா எரிஞ்சால் பெர்குளோரேற்று பெரும்பாலும் சாதாரண குளோரைட்டா மாறிவிடும். பிரச்சினை எரியாமல் மிஞ்சுறதில: வெடிக்காத வெடி, அரைகுறையா எரிஞ்ச வாணம், சிதறின தூள்.

அமெரிக்காவில ஒக்லகோமா மாநிலத்தின் ஏடா நகரில் வாணவேடிக்கை விடுற ஒரு குளத்தை அளந்து 2007இல் முடிவை வெளியிட்டினம். வேடிக்கை முடிஞ்சு 14 மணித்தியாலத்துக்குள்ள தண்ணியில பெர்குளோரேற்று வழமையை விட 24 தொடக்கம் 1028 மடங்கு வரை ஏறியிருந்தது. பழைய அளவுக்கு இறங்க 20 முதல் 80 நாள் எடுத்தது. அது பெரிய வேடிக்கை, நேர கீழ இருந்த குளம். ஒரு வீட்டுச் சீனவெடிப் பெட்டிக்கு அந்தக் கணக்கைப் போடக்கூடாது. ஒரு ஊரே ஒரே நாளில கொளுத்தி, குப்பையை ஒழுங்கையில விட்டால்தான் யோசிக்கவேணும்.

யாழ்ப்பாணத்தில அதை யோசிக்கத்தான் வேணும். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரியில மட்டும்தான். செம்மண்ணுக்குக் கீழ வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல், மேல விழுறது கெதியா நிலத்தடிக்குப் போய்ச்சேரும். பெர்குளோரேற்று தண்ணியில நல்லாக் கரையும், மண்ணில ஒட்டாது. தீபாவளி ஐப்பசியில, மாரி தொடங்குற நேரம். கூட்டாத குப்பை முதல் பெருமழையோட கரைஞ்சு இறங்கும். கொதிக்கவைச்சாலும் போகாது, தண்ணி வத்தச் செறிவு கூடும். குளோரின் போட்டாலும் போகாது. ஆர்.ஓ. வடிகட்டி அகற்றும், ஆனால் தோட்டத்துக்கு ஆர்.ஓ. தண்ணி ஆரும் இறைக்கிறேல்லை. கீரை வகை இதை இலையில சேர்த்து வைக்கும். உடம்புக்குள்ள போனால் தைரொயிட் சுரப்பி அயடீனை எடுக்கிறதைத் தடுக்கும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் முதல் கவனிக்கவேண்டிய ஆக்கள்.

நைத்திரேற்றைப் பற்றியும் நேர்மையாச் சொல்லவேணும். எங்கட தோட்டப் பகுதிக் கிணறுகள் பலதில அது உலக சுகாதார நிறுவனம் சொல்லுற லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கு. அதுக்குக் காரணம் யூரியாவும் மலசலக் குழியும், வெடி இல்லை. வெடியால வந்தது எண்டு எழுதினால் தோட்டக்காரர் சிரிப்பினம்.

செய்யவேண்டியது: அண்டைக்கே, மழைக்கு முதல், காய்ஞ்ச நிலையில கூட்டுங்கோ. ஹோஸ் பிடிச்சுக் கழுவினால் மழை செய்யப்போறதை நாங்களே செய்யிறம். வெடிக்காததைக் கையால பொறுக்கவேண்டாம், அதைப் பற்றிக் கீழ வரும். கூட்டினதை எரிக்கவேண்டாம், உள்ளுக்குக் கிடக்கிறது வெடிக்கும். பசளைக் கிடங்கிலயும் போடவேண்டாம். கட்டில்லாத கிணறு, தாழ்ந்த கட்டுள்ள கிணறு எண்டால் அண்டைக்கு மட்டும் தறப்பாள் போடுங்கோ.

காயம்_கட்டு

எரிகாயத்துக்கு முதல் மருந்து தண்ணி. ஓடுற தண்ணி, 20 நிமிசம், மணிக்கூடு பாத்து. அநேகர் ரெண்டு நிமிசத்தில நிறுத்திப்போடுவினம், அதுக்குள்ள தோலுக்குக் கீழ இருக்கிற சூடு இறங்காது. தாங்கித் தண்ணி, குழாய்த் தண்ணி, கிணத்துத் தண்ணி எதுவும் பரவாயில்லை. உடன செய்ய ஏலாமல் போனாலும் மூண்டு மணித்தியாலத்துக்குள்ள செய்தால் பலன் இருக்கு. ஐஸ் வேண்டாம். பற்பசை, மை, முட்டை வெள்ளைக்கரு, தேங்காயெண்ணெய் ஒண்டும் பூசாதேங்கோ, ஆஸ்பத்திரியில அதைச் சுரண்டி எடுக்கிற நோவு வேற. மோதிரம், காப்பு, நூல் எல்லாத்தையும் வீங்க முதல் கழட்டுங்கோ. ஒட்டின துணியை இழுக்காதேங்கோ. குழந்தை எண்டால் காயத்தை மட்டும் குளிரவிட்டு மற்ற உடம்பைப் போர்த்துங்கோ. பிறகு துப்பரவான பொலித்தீன் உறையோ துணியோ மேல இளக்கமா வைச்சு மூடி, முகம், கை, மூட்டு, மறைவிடம் எண்டாலோ, காயக்காரரின்ர உள்ளங்கையை விடப் பெரிசு எண்டாலோ, பிள்ளை எண்டாலோ உடன கொண்டுபோங்கோ. அம்புலன்ஸ் 1990. ஏற்பு ஊசி கடைசியா எப்ப போட்டது எண்டும் கேட்பினம்.

கண்ணில வெறும் தூசு விழுந்தால் தண்ணியால கழுவலாம். ஆனால் துண்டு ஏதும் அடிச்சிருந்தால், இரத்தம் வந்தால், பார்வை மங்கினால் கழுவக்கூடாது, கசக்கக்கூடாது, அமத்தக்கூடாது, மருந்துத்துளி விடக்கூடாது. ஒரு கடதாசிக் கோப்பையின்ர அடிப்பாகத்தை வெட்டி, விளிம்பு கண்ணைச் சுத்தின எலும்பில இருக்கிறமாதிரி ஒட்டுங்கோ. இருத்திவைச்சே கொண்டுபோங்கோ. அஸ்பிரின் வேண்டாம், சாப்பாடும் குடுக்காதேங்கோ, சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

அறிவித்தலில கட்டாயம் போடவேண்டியது கம்பிமத்தாப்பு. சத்தமில்லை எண்டதால சின்னப்பிள்ளையின்ர கையில குடுக்கினம், நுனி 1000 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுடும். அணைஞ்ச கம்பியும் சுடும், அது நிலத்தில கிடக்க வெறுங்காலோட மிதிக்கிறது வழக்கமா நடக்கிறது. தண்ணி வாளி ஒண்டைப் பக்கத்தில வைச்சு எரிஞ்ச கம்பியை அதுக்குள்ள போடவையுங்கோ. நைலோன் சட்டை உருகித் தோலில ஒட்டும், பருத்தி உடுப்புத்தான் போடவேணும். வெடிக்கு மேல சிரட்டை, பால்மா ரின் கவிழ்க்கிற விளையாட்டை முழுசா நிப்பாட்டுங்கோ, ரின் கிழிஞ்சு பறக்கிறதுதான் கண்ணில வாறது. வாணத்தைப் போத்தலில வைச்சால் போத்தல் சரிஞ்சு ஒழுங்கை நீளத்துக்குப் போகும். மணல் நிரப்பின வாளியில குழாயை நட்டு வையுங்கோ.

வெடிக்காததுக்குக் கிட்ட அரை மணித்தியாலம் போகவேண்டாம். திரும்பக் கொளுத்தவும் வேண்டாம். எட்ட நிண்டு தண்ணி ஊத்தி, பிறகு மம்பெட்டியால எடுத்து வாளித் தண்ணியில போடுங்கோ. எங்கட மண்ணில இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. போர் விட்டுப்போன வெடிபொருள் இப்பவும் அங்கங்க கிளம்புது. கிடக்கிற வெடியைப் பொறுக்கி விளையாடப் பழகின பிள்ளை அதையும் பொறுக்கும். தெரியாத பொருளைத் தொடாதே, அசைக்காதே, இடத்தை அடையாளம் வைச்சுப் பெரியாக்களிட்டச் சொல்லு எண்டதை ரெண்டுக்கும் ஒரே விதியாப் பழக்குங்கோ.

வயசுபோன ஆக்களைப் பற்றிக் கேட்டிருந்தியள். போரில செல்லடிக்குள்ளயும் கிபிர் விமானக் குண்டுக்குள்ளயும் இருந்த சனத்துக்கு ஒரு வெடிச்சத்தம் வெறும் சத்தம் இல்லை. நெஞ்சு அடிக்கும், வேர்க்கும், சிலர் கட்டிலுக்குக் கீழ போவினம், அண்டைக்கு முழுக்க நித்திரை வராது. 2009இல் போர் முடிஞ்சு இத்தினை வருசம் போட்டுது எண்டு சொல்லி அதைக் குறைச்சு மதிக்காதேங்கோ. எப்ப வரும் எண்டு தெரிஞ்ச சத்தத்தை இந்த உடம்பு ஓரளவு தாங்கும், தெரியாததைத் தாங்காது. அதால நேரத்தை முன்கூட்டியே அறிவிச்சு, அந்த நேரத்தை மீறாமல் இருக்கிறது இவைக்குப் பெரிய உதவி. காதுக்கருவி போடுறவை அந்த நேரம் கழட்டி வைக்கலாம். தொய்வு உள்ளவையை யன்னல் பூட்டி உள்ளுக்கு வையுங்கோ, கந்தகப்புகை மூச்சுக்குழாயைச் சுருக்கும். காத்தில்லாத விடியக்காலமை மதிலுக்கு நடுவில அந்தப் புகை லேசில கலையாது.

மருதடி

எல்லாம் சரி. ஆனால் பிள்ளையளுக்கு வருசத்தில ஒருநாள். அதையும் பறிச்சால் வாசிகசாலையோட கோவிப்பினம். தீபாவளியை மட்டும் பிடிக்கிறதும் ஞாயமில்லை. செத்தவீட்டு ஊர்வலத்தில தெரு நீளத்துக்குக் கொளுத்துறம், அதை ஆரும் கேட்கிறேல்லையே?

செம்மண்_சுண்ணக்கல்

மருதடி சொன்ன ரெண்டாவது விசயம் சரியான கேள்வி. செத்தவீட்டு வெடிக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. தெருவோரத்தில கட்டின மாடு, பள்ளிக்கூடம், நோயாளி இருக்கிற வீடு எல்லாத்தையும் தாண்டிப் போகும். பறைமேளம் முன்னுக்குப் போகுதுதானே, ஊருக்கு அறிவிக்க அது காணும். இதையும் அறிவித்தலில சேர்க்கச் சொல்லுறன்.

முதலாவதுக்கு: பறிக்கத் தேவையில்லை, இடத்தை மாத்தலாம். இந்தியச் சட்டத்தில ஒரு வெடி 4 மீற்றர் தூரத்தில 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. திறந்த வெளியில தூரம் இரட்டிக்க 6 டெசிபல் குறையும்: 8 மீற்றரில 119, 16இல் 113, 32இல் 107, 64இல் 101. மதிலுக்கு நடுவில சத்தம் பட்டுத் திரும்புறதால இந்தக் குறைவு கிடைக்காது. அதால ஒழுங்கையில கொளுத்துறதுதான் ஆகக் கூடாத இடம். பஞ்சு வைச்சுக் காதை அடைக்கிறதை நம்பாதேங்கோ, அது சொற்பம்தான் குறைக்கும். "சத்தமில்லாத" வாணம் காதுக்கு நல்லம், ஆனால் நிற உப்புகள் அதிலயும் இருக்கு, குப்பை விதி அதுக்கும் அதேதான்.

களப்பு_வலசை

பறவையளை ஒருத்தரும் தொடேல்லை. பறவைக்கு ஜனவரி 1 நள்ளிரவும் மோசம். நெதர்லாந்தில காலநிலை ராடரை வைச்சுப் பாத்து 2011இல் எழுதினவை: புதுவருச நள்ளிரவு தாண்டினவுடன ஆயிரக்கணக்கில எழும்பி, 500 மீற்றர் உயரம் வரை போய், முக்கால் மணித்தியாலத்துக்கு மேல இறங்காமல் பறந்ததுகள். 2023இல் வந்த ஆய்வில அந்த இரவு பறக்கிற எண்ணிக்கை சாதாரண இரவை விடச் சராசரி 1000 மடங்கு, தாக்கம் 10 கிலோமீற்றர் வரை. அமெரிக்காவின் பீபீ நகரில் 2010 டிசம்பர் 31 இரவு வாணத்துக்குக் கலைஞ்ச கருங்குருவிகள் இருட்டில வீடுகளிலயும் கம்பங்களிலயும் மோதி ஆயிரக்கணக்கில செத்துக் கிடந்தது.

எங்களிட்ட வலசைப் பறவை நிக்கிற காலமும் இதுதான். மண்டைதீவு, அராலி, தொண்டைமனாறு, சுண்டிக்குளம் எல்லாம் கரைப்பறவை இரைதேடுற இடம், பூநாரையும் வரும். வலசை வந்த பறவைக்கு இரவில வீணாப் பறந்து கொழுப்பை எரிக்கிறது பெரிய நட்டம். அதால பண்ணைப் பாலம், களப்புக்கரை ரெண்டும் வாணம் விடுற இடமில்லை. வௌவால் தொங்குற, காகமும் மைனாவும் அடையிற பெரிய மரத்துக்குக் கீழயும் வேண்டாம். தமிழ்நாட்டில சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தைச் சுத்தின ஊர்ச்சனம் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே கொளுத்திறேல்லை. இதை அறிவித்தலில போடுங்கோ, படிச்சவுடன விளங்கும்.

வாசிகசாலை_இணுவில்

எல்லாருக்கும் நன்றி. வரைபு இது, பிழை இருந்தால் திருத்துங்கோ:

"ஒழுங்கைக்குள் வெடி வேண்டாம். விளையாட்டு மைதானத்தில் காலை 6 முதல் 6.30 வரை மட்டும். வாணம் மணல் வாளியில். கம்பிமத்தாப்புக்குப் பக்கத்தில் தண்ணி வாளி. சிரட்டை, ரின் கவிழ்க்கக் கூடாது. நாயைச் சங்கிலியில் கட்டாதீர்கள். பசுவை 6 மணிக்கு முதல் கறக்கவும். 7 மணிக்கு எல்லாரும் சேர்ந்து கூட்டுவோம், அதுவரை ஆடு மாட்டை அவிழ்க்க வேண்டாம். வெடிக்காததை வாளித் தண்ணியில் ஊறவிடவும். சுட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணி. அம்புலன்ஸ் 1990. செத்தவீட்டிலும் வெடியைத் தவிர்ப்போம்."

ஊறவிட்ட தண்ணியை எங்கை ஊத்துறது? கடையில வாங்கி நனைஞ்சுபோன வெடியை வெயிலில காயவைக்கலாமோ எண்டும் ஒருத்தர் கேட்டவர்.

செம்மண்_சுண்ணக்கல்

காயவைக்கக் கூடாது. நனைஞ்சு காய்ஞ்ச திரி சீரா எரியாது, நிண்டுபோச்சு எண்டு குனியேக்க வெடிக்கும். அடுப்படியில வைக்கிறது அதை விட மோசம். அதையும் வாளிக்குள்ளயே போடுங்கோ.

ஊருக்கு ஒரு வாளி காணும். மூழ்குற அளவு தண்ணி மட்டும் விட்டு, ஒரு இரவு முழுக்க, கிணத்துக்கும் பிள்ளையளுக்கும் எட்ட வையுங்கோ. மூடி போட்டு இறுக்கவேண்டாம், அலுமினியத் தூள் தண்ணியோட சேர்ந்து ஐதரசன் வாயுவை விடும். அடுத்தநாள் தண்ணியை வாய்க்கால், தோட்டம், கிணத்தடி எங்கயும் ஊத்தாமல், அதே வாளிக்குள்ள மணலைக் கொட்டி உறிஞ்சவிடுங்கோ. மரத்தூள் போடவேண்டாம், காய்ஞ்சால் தீப்பிடிக்கும். ஈரத்தோடயே ரெண்டு பொலித்தீன் பையில இளக்கமாக் கட்டி, பிரதேச சபை வண்டியில வாற தொழிலாளியிட்ட உள்ளுக்கு வெடிமருந்து இருக்கு எண்டு வாயால சொல்லிக் குடுங்கோ. அவையின்ர கைக்கும் கண்ணுக்கும் அது தெரியவேணும்.

கால்நடை_வைத்தியம்

வரைபில ஒரு திருத்தம். "நாயைச் சங்கிலியில் கட்டாதீர்கள்" எண்டதோட "வீட்டுக்குள் விட்டு கேற்றைப் பூட்டவும்" எண்டதையும் சேருங்கோ. இல்லாட்டி அவிழ்த்து வளவில விட்டிடுவினம். கேற்றுக்குக் கீழ இடைவெளி இருந்தால் முதல்நாளே பலகை வைச்சு அடைக்கச் சொல்லுங்கோ.